அறுபத்து நான்காம் மாடல்

சாவியைத் திருப்பினால் முதலில் பேசுவது எஞ்சின் அல்ல.
சீட்டுக்குப் பின்னால் எங்கோ
பெட்ரோல் பம்ப் டக் டக் டக் என்று
பல்லி சொல்வதுபோல் சொல்லும்.
சொன்னால் நல்ல சகுனம்.
சொல்லாவிட்டால் செருப்பைக் கழற்றி
பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து
ஓர் அடி.

லான்செஸ்டன் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டர்.
வாரமெல்லாம் பிறர் மூச்சை எண்ணுகிறவள்.
சனிக்கிழமை கராஜில்
பழைய ஸ்டெதஸ்கோப்பின் தலையைக் கழற்றிவிட்டு
வெறும் ரப்பர்க் குழாயை
இரண்டு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றி வைக்கிறேன்.
முன்னது சீறுகிறது.
பின்னது பெருமூச்சு விடுகிறது.
தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறாம்.
இங்கே வயிறு ஒன்று, வாய் இரண்டு.
இரண்டும் ஒரே மாதிரி மூச்சு வாங்குவதற்குள்
உள்ளே சோறு ஆறிவிடும்.

"சக்களத்திக்கு ஆண்பால் என்ன?" என்று கேட்கிறான் அறவாழி
கதவில் சாய்ந்தபடி.

வாங்கிய மறுநாளே போன் செய்தேன்: எண்ணெய் ஒழுகுதே.
விற்ற டெஸ் பிரிட்சர்ட் சிரித்தார்.
"ஒழுகுறது நின்னாத்தான் பயப்படணும் டாக்டர்,
உள்ளே தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."
அடியில் அட்டை விரித்திருக்கிறேன்.
திங்கள் ஆறு சொட்டு. செவ்வாய் ஒன்பது.
புதன் நான்கு.
நான்கைக் கண்டதும் நெஞ்சு திக்கென்று
வேலைக்குப் போகிற அவசரத்திலும்
அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன்.

பன்னிரண்டு ஸ்பேனர் ஏறாது, பதின்மூன்று நழுவும்.
திருச்சியில் பின்னக் கணக்குக்கு அழுத பெண்
இன்று நாற்பத்தெட்டு வயதில்
பதினாறில் ஏழு எங்கே என்று
மேசைக்கடியில் தவழ்கிறாள்.

ஒரு ரப்பர் வளையம் எட்டு டாலர்.
இங்கிலாந்திலிருந்து வர நாற்பத்திரண்டு.
வந்தது வேறு மாடலுக்கானது.
"யானையைக் கட்டித் தீனி போட்டிருந்தால்
தலையில் தும்பிக்கை வைத்து
ஆசீர்வாதமாவது பண்ணியிருக்கும்" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
வளையத்தைத் திருப்பி அனுப்ப
இன்னொரு நாற்பத்திரண்டு.

ஜூன் மாத இரவு, ஸ்காட்ஸ்டேலிலிருந்து திரும்பும்போது
சைட்லிங் மலை வளைவில், மழையில்
இடது விளக்கு போனது.
அடுத்த வளைவில் வலது.
கூரைத் துணி என் மடியில் சொட்டுகிறது,
எஞ்சின் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் ஓடுகிறது.
ஓரங்கட்டி நின்றேன். பின்னால் மரலாரி ஒன்று
பெருமூச்சோடு நின்றது.
டார்ச்சோடு இறங்கிய ஆள் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.
"எங்கப்பன் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தான்.
அம்மா பிரிஞ்சு போனதுக்கு இதுவும் ஒரு காரணம்."
அதற்குமேல் பேச்சில்லை. டார்ச்சைப் பிடித்தான்.
களிம்பேறிய ஒரு முனையைப் பிடுங்கி
ஹேர்பின்னால் சுரண்டி
ஆஸ்பத்திரிச் சட்டை ஓரத்தில் துடைத்துச் செருகினேன்.
விளக்கு வந்தது, மஞ்சளாய், கற்பூரம் அளவுக்கு.
ஊர் எல்லை வரை
முப்பது டன் மரம் எனக்குப் பின்னால்
விளக்குப் பிடித்துக்கொண்டு வந்தது.

விற்றுவிடலாம் என்று அன்றிரவு சொன்னதும் நான்தான்.

நவம்பர். கூரையை மடித்தாகிவிட்டது.
டேமர் ஆற்றங்கரை, ரோஸ்வியர்ஸ் போகும் சாலை.
ரோட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்;
நாற்பதில் போனால் தொண்ணூறு மாதிரி இருக்கிறது.
மூன்றாம் கியர் விழும்போது
உள்ளங்கையில் ஒரு சின்னக் குலுக்கல்,
யாரோ கைகொடுத்துவிட்டுப் போனதுபோல்.
வெந்த எண்ணெய், நாணல், சேற்று வாடை.
அறவாழியின் தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது.
நிறுத்தவா என்றேன்.
"போ, போ" என்றான்.

வீடு வந்து சாவியை எடுத்த பிறகும்
எஞ்சின் அடங்காமல் தானாக இருமிக்கொண்டிருந்தது.
பானெட்டில் கை வைத்து,
தியேட்டரில் பேசும் குரலில்,
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணு என்றேன்.

ஏழு வரை போனது.